ரோட்டர் தொலைந்த கிழமை

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் எங்கள் வயதுக்காரர் ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உங்களுக்குத் தெரியும், ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் நாங்கள் கூடினால் முதலில் முழங்கால், பிறகு கொலஸ்ட்ரோல், அதற்குப் பிறகு பிள்ளைகள். மூன்றும் முடிந்த பிறகுதான் நல்ல கதை வரும். அன்றைக்கு ஒருத்தி ரோல்ஸைக் கடித்தபடி கேட்டாள்: “உங்கடை வீட்டுக் கராஜுக்குள்ளை ஒரு பழைய அமெரிக்கன் கார் நிண்டதெல்லோ? அது கடைசியிலை ஓடினதோ?”

ஓடினதோவாம்! நன்றாக ஓடியது. ஆனால் அது ஓடுவதற்கு முன் ஒரு கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த மேசையில் அரைவாசிதான் சொல்ல முடிந்தது, கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நீங்களும் இந்த நாட்டில், ஊரைவிட்டு வந்த எங்கள் தாய் தகப்பனைப் போன்றவர்களிடம் வளர்ந்தவர்கள்தானே. செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்காதவர் உங்களில் ஒருவரும் இருக்க முடியாது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தோர்ண்டன் ஹீத்தில், ரயில் போனால் குசினித் தட்டுகள் கிலுகிலுக்கிற வீடு எங்களுடையது. வீட்டோடு ஒட்டி ஒரு கராஜ். அதற்குள் பழைய மெத்தையும் வெறும் அரிசிச் சாக்குகளும் ஒரு உடைந்த தையல் மிஷினும் இருந்தன. அப்பா பெற்றோல் செற்றில் காசு வாங்குகிற வேலை. அங்கே வழக்கமாக வருகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவருடைய மகன், ஒரு காரை அவருடைய வீட்டு வளவுக்குள் போட்டுவிட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். இழுத்துக்கொண்டு போனால் போதும் என்று கிழவர் சொல்ல, அப்பா உடனே தலையாட்டிவிட்டார். காரைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பெற்றோலை எந்தப் பக்கத்தால் விடுவது என்பது மட்டும்தான்.

ஒரு ஐப்பசி மாதச் சனிக்கிழமை அது லொறியில் ஏறி வந்தது. நீளமான மூக்கு, எட்டு சிலிண்டர் எஞ்சின், ஸ்டியரிங் இடது பக்கம். அந்தக் காலத்து அமெரிக்க இளைஞர்கள் ரேஸ் ஓடிய வகை என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ரேஸ் ஓடியது மெய்யாக இருக்கலாம். எங்களிடம் வந்தபோது கதவைத் திறந்தால் அதன் அடிப்பாகம் தூளாகக் கொட்டியது. கால் வைக்கிற இடத்தில் இருந்த ஓட்டையால் நிலம் தெரிந்தது. பின் சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்திய அடையாளம் இருந்தது. அம்மா ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இஞ்சேருங்கோ, உதை ஆர் சாப்பிடுறது?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மாரி முழுவதும் அப்பா லைப்ரரியில் எடுத்த தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைப் பார்த்தபடி நின்றார். வேலை நடந்ததென்றால் துரு சுரண்டுகிற வேலைதான். இடது பக்கக் கதவு என்னுடையது என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க முதலில் கறுப்புப் பூச்சு வரும், பிறகு நீலம், எல்லாவற்றுக்கும் கீழே பாசிப் பச்சை. வாய்க்குள் பழைய சில்லறைக் காசை வைத்தால் ஒரு ருசி வருமே, அந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்தது. குளிக்கிற தொட்டியில் செம்மஞ்சள் வளையம் விழுந்து அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டோம். அந்தக் கதவைப் போல வேறெதுவும் அந்த வயதில் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

இப்போது என் முதற் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மா ஊரில் கொக்கான் வெட்டி விளையாடிய கதையை எனக்குச் சொல்லியிருந்தார். ஐந்து கல்லை எறிந்து பிடிக்கிற விளையாட்டு. இங்கே கல்லுக்கு எங்கே போவது? ரயர் பூட்டிய சில்லை இறுக்குகிற நட்டுகள் ஐந்து, பளபளவென்று கைக்கு அளவாக இருந்தன. எடுத்துக்கொண்டுபோய் வாசற்படியில் விளையாடினேன். அதில் ஒன்று உருண்டு முற்றத்துக் கானுக்குள், அதுதான் மழைத் தண்ணீர் ஓடுகிற வடிகாலுக்குள், விழுந்துவிட்டது. அதே அளவு நட்டுக்கு அப்பா இரண்டு கிழமை அலைந்தார். இது போதாதென்று கழித்துப்போட்ட வாஷர், ஸ்குரூ, முன்பக்கம் உடைந்து விழுந்த ஒரு குரோம் எழுத்து எல்லாவற்றையும் ஒரு நீல பிஸ்கற் ரின்னில் சேர்த்து வைத்திருந்தேன். கராஜில் எது காணாமல் போனாலும் எல்லோரும் என் பக்கம் திரும்புவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

மாசி மாதம் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, இருபத்தாறு வயது. அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, வேலை செய்ய அனுமதி இல்லை. மேலே இருந்த சின்ன அறையில் கதவுக்குக் கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுப்பார். “ஓம்”, “இல்லை”, சோறு போதுமென்றால் “காணும்” என்ற மூன்று சொல்லைத் தவிர நாலாவது சொல் அவர் வாயிலிருந்து வராது. ஒருநாள் படுக்கை விரிப்பு மாற்றப் போன அம்மா தலையணைக்குக் கீழே மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பற்றரி, பாதியாக வெட்டிய சவுக்காரம் எல்லாவற்றையும் கண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார். மாமாவை யாரிடம் காட்டுவது என்று அப்பாவும் அம்மாவும் குசினிக்குள் குசுகுசுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வழக்கம்போலப் புத்தகமும் கையுமாக நின்றபோது மாமா கராஜ் வாசலில் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார்.

“அத்தான், பொறி அடிக்கிற பொயின்ற் தேஞ்சு போச்சு. உதை வைச்சுக்கொண்டு தலைகீழா நிண்டாலும் எஞ்சின் பத்தாது.”

மூன்று சொல்லுக்கு மேல் பேசிவிட்டார்! அப்பா புத்தகத்தைக் கீழே வைத்தார். பிறகு அதைத் தொடவே இல்லை.

மாமா ஊரில் வாடகைக்கு ஹயர் கார் ஓடியவர். சண்டையால் பெற்றோல் வராத காலம் அது. ஒரு சின்னப் போத்தல் பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித் துளியாக விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்களாம். அப்படி மூன்று வருடம் ஓடியிருக்கிறார். இங்கே அப்பா சாமான் கழுவுகிறேன் என்று அரைக் கோப்பைப் பெற்றோலைத் தரையில் ஊற்றிவிட்டால், பால் சட்டி கவிழ்ந்ததைப் போல “ஐயோ அத்தான்!” என்று கத்துவார். சித்திரை முதல் ஆடி வரை மூன்று பேரும் அந்தக் கராஜுக்குள்ளேயே கிடந்தோம். தரை ஓட்டைக்குத் தகடு வைத்து ஒட்டினார்கள். என் கதவு பாசிப் பச்சையில் பளபளத்தது, கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் மட்டும்தான் மிச்சம். மாமா சாப்பாட்டு மேசையில் பகிடி விடுகிற அளவுக்கு வந்துவிட்டார். அவருக்குச் சுகம் வந்துவிட்டதென்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம்.

அந்தத் துணிவில் அப்பா ஒரு வேலை செய்தார். பெரியப்பாவின் மகளுக்கு ஆவணியில் கலியாணம். “கலியாணப் பொம்பிளை என்ரை காரிலைதான் வருவா, போவா” என்று நாலு பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்துவிட்டார். எஞ்சின் அதுவரை ஒருதரம்கூட இருமியிருக்கவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எஞ்சின் பற்றி ஓடத் தொடங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் பயம்தான் வந்தது. நிலம் அதிர உறுமியது. குசினித் தட்டுகள் ரயிலுக்கு ஆடியதைவிடக் கூட ஆடின. பக்கத்து வீட்டு மனுசி யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அப்பா பொனெற்றில் கை வைத்தபடி அழுதார். மாமா சிரித்தார். மறுநாள் விடியவே அவர் லெஸ்டருக்குப் புறப்பட்டுவிட்டார். ஊரிலிருந்து இங்கே வரும் வழியெல்லாம் கூட வந்த சிநேகிதன் அங்கே இருந்தான், ஒரு கிழமை நின்று வருவதாக ஏற்பாடு. அந்தச் சிநேகிதன் வீட்டில் போன் இல்லை.

அன்று பின்னேரம் பெரியப்பா கார் பார்க்க வந்தார். அப்பா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு கராஜைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது. பற்றவில்லை. திரும்பவும் சுற்றியது. பற்றவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்பா இறங்கி, மாமா காட்டிக்கொடுத்த வரிசையில் ஒவ்வொன்றாகப் பார்த்து, எட்டு வயரும் போய்ச் சேருகிற வட்ட மூடியைக் கழற்றினார். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவு மண்ணிறச் சாமான், தலையில் ஒரு பித்தளைத் தகடு. அது இருந்தால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெருப்புப் போகும். அது இல்லாவிட்டால் கார் வெறும் இரும்பு.

அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, இதுக்குள்ளை இருந்த ரோட்டர் எங்கை?”

“எனக்குத் தெரியாது அப்பா.”

“விளையாட எடுத்தனியோ?”

“இல்லை.”

“உண்மையைச் சொல்லு. சொன்னால் ஏசமாட்டன்.”

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். “சின்னப் பிள்ளையளை உதுக்குள்ளை விடக்கூடாது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்” என்றார் பெரியப்பா. அவர் என்றைக்கும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா என் பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்து கராஜ் தரையில் கொட்டினார். வாஷரும் ஸ்குரூவும் நாலு பக்கமும் ஓடின. ரோட்டர் அதற்குள் இல்லை. இல்லாததால் நான் எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்பது உறுதியாகிவிட்டது.

மாமா எடுத்திருப்பாரோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரை ஓட வைத்தவரே ஏன் கழற்றப்போகிறார்? அமெரிக்கச் சாமான் விற்கிற கடைக்குப் போன் செய்தார்கள். வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். கலியாணத்துக்கு இருந்தது பதினைந்து நாள்.

அப்பா அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். கராஜுக்குப் பூட்டுப் போட்டார். ஒரு சாண் மிச்சமிருந்த என் கதவு உள்ளே போய்விட்டது. அம்மா என்னைச் சாமிப்படத்துக்கு முன் நிறுத்தி, “சத்தியம் பண்ணு” என்றார். பண்ணினேன். “எடுத்திட்டு மறந்து போனியோ தெரியேல்லை, யோசிச்சுப் பார்” என்றார். நான் யோசித்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று யோசித்து யோசித்து, எடுத்திருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கட்டிலுக்குக் கீழே தேடினேன், சப்பாத்துக்குள் தேடினேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் அப்பா வேலையால் வந்து, என்னைத் தாண்டிப் போய், சுவரைப் பார்த்தபடி தேத்தண்ணி குடித்தார். எனக்குத் தாங்க முடியவில்லை.

“ஓம் அப்பா, நான்தான். கானுக்குள்ளை விழுந்திட்டுது.”

அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். “இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். அம்மா என் தலையைத் தடவினார். அன்றைக்கு எனக்குப் பெரிய கோழிக்கால் கிடைத்தது.

அடுத்த நாள் அப்பாவுக்கு வேலை இல்லை. விடிந்ததும் முற்றத்துக் கானின் மூடியை நெம்பிக் கழற்றி, அம்மாவின் றப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் குந்தியிருந்து சேற்றை அள்ளத் தொடங்கினார். வாளி வாளியாக அள்ளினார். கறுத்த களி, அழுகின இலை, யாரோவுடைய பொம்மைக் கை. காலமை எட்டு மணிக்குத் தொடங்கினவர் மத்தியானமாகியும் எழும்பவில்லை. நான் மேலே யன்னலுக்குப் பின்னால் நின்றேன். என் பொய்யைத்தான் அப்பா அந்த நாற்றத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார். போய் நிற்பாட்டச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஒன்று சொல்லட்டுமா? ஒரு கட்டத்தில் நட்டு அகப்பட்டது! பழைய கொக்கான் நட்டு. அப்பா அதைத் துடைத்துப் பார்த்துவிட்டு இன்னும் உற்சாகமாக அள்ளினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மூன்று மணி போல மாமா தோளில் பையுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

“என்ன அத்தான் தேடுறியள்?”

“ரோட்டரை, தம்பி. இவள் பிள்ளை இதுக்குள்ளை போட்டிட்டாள்.”

மாமா தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். “ரோட்டரோ? அது குசினிக்குள்ளை எல்லோ இருக்கு” என்றார்.

நான் படிகளில் தாவிக் கீழே வந்தேன். மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போய், அரிசி வாளியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டார். அடியிலிருந்து ஒரு சின்னப் பொலித்தீன் பையை எடுத்தார். றப்பர் வளையம் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அதற்குள் ரோட்டர். இன்னும் நாலு நாள் அரிசி எடுத்திருந்தால் அம்மா அளக்கிற சுண்டில் அகப்பட்டிருக்கும்.

“ஏன்ரா இதுக்குள்ளை வைச்சனி?” என்றார் அம்மா.

“வேறை எங்கையக்கா வைக்கிறது? ஓடுற வாகனத்தை அப்பிடியே விட்டிட்டுப் படுக்கிறதே? ஆரும் கொண்டு போயிடுவாங்கள்.” கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. பிறகு எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். கதிரையில் இருந்தார். “ஊரிலை ஒவ்வொரு நாளும் கழட்டி அரிசிக்குள்ளைதான் வைக்கிறனான். ஒரே ஒரு நாள் அலுப்பிலை கழட்டாமல் படுத்திட்டன். விடிய எழும்பிப் பாக்க கார் இல்லை” என்றார்.

கொண்டுபோனவர்கள் யார் என்று அவர் சொல்லவில்லை. சுடுகிற துவக்கோடு வருகிறவர்களிடம் யார் என்று கேட்பதில்லை. அந்தக் கார்தான் அவர்கள் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு போட்டது. எங்களிடம் அதைப் பற்றி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினார்.

அப்பாவின் கையுறையிலிருந்து குசினித் தரையில் களி சொட்டியது. அம்மா என் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீ ஏன்டி கானுக்குள்ளை விழுந்தது எண்டு சொன்னனி?”

“இல்லையெண்டு நாலு நாள் சொன்னன், ஒருத்தரும் நம்பேல்லை. ஓமெண்டு ஒருக்காச் சொன்னன், உடனை நம்பினியள்.”

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்பாடா! அந்தக் கிழமைக்குள் அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. அப்பா கையைக் கழுவப் போனார். எங்கள் அப்பாமார் மன்னிப்புக் கேட்கிற சாதியில்லை, உங்களுக்குத் தெரியாததா. ஆனால் மறுநாள் காலை கராஜ் சாவி என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. என் பிஸ்கற் ரின்னும் இருந்தது. கொட்டினதெல்லாம் பொறுக்கி உள்ளே போட்டு, கானுக்குள் கிடைத்த நட்டையும் கழுவி மேலே வைத்திருந்தார். நான் போய் அந்த ஒரு சாணையும் தேய்த்து முடித்தேன்.

இப்போது நினைத்தால், பெரியவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் பிழையாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். மாமா சிரித்ததை வைத்து அவர் தேறிவிட்டார் என்றார்கள், நான் நட்டு எடுத்ததை வைத்து ரோட்டரும் எடுத்தேன் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் என் மகளிடம் “உண்மையைச் சொல்லு, ஏசமாட்டன்” என்று நானே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மாமாவுக்கு வழக்குச் சரிவந்து, இன்றைக்குப் பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரிகிறார். கார் நாலு வருடம் எங்களோடு நின்றது, பிறகு கடற்கரைப் பக்கம் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போனார். கராஜில் இப்போது யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். பிஸ்கற் ரின் எந்த வீடு மாறுகையில் தொலைந்ததோ தெரியாது.

ஆனால் கலியாணத்தை நான் இன்னும் சொல்லவில்லையே.

தெருவில் ஓடலாமா என்று பார்க்கிற சோதனையில் முதல் தரம் தவறி, இரண்டாம் தரம் கார் பாஸ் பண்ணியது. கலியாணத்தன்று நாலு ரயருக்கும் நாலு தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்பட்டோம். பாசிப் பச்சைக் காரில் பூச்சரம் கட்டி, பொம்பிளையை ஏற்றிக்கொண்டு அப்பா ஓட்ட, மண்டப வாசலில் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. பெரியப்பா அதைத் தன் சொந்தக் கார்போலத் தடவிக்கொண்டு நின்றார். எல்லோரும் உள்ளே போனார்கள். மாமா மட்டும் போகவில்லை. மண்டபத்துக் கதவு வரை வருவார், திரும்பிக் காரைப் பார்ப்பார், பிறகும் வருவார். கடைசியில் பொனெற்றைத் திறந்து, மூடியைக் கழற்றி, ரோட்டரைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பக்கத்தில் நான் நின்றேன்.

“இந்தா” என்றார். “ஒளிக்காதை. கையிலை வைச்சிரு.”

பட்டுப் பாவாடைக்குப் பொக்கற் இல்லை. இடது கைக்குள் பொத்திக்கொண்டேன். தாலி கட்டும்போது பொத்தியிருந்தேன், பந்தியில் வலது கையால் சாப்பிடும்போதும் பொத்தியிருந்தேன். மாமா அன்றைக்கு ஒரு பயமும் இல்லாமல் பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தி பந்தியாகத் திரிந்தார்.

பொம்பிளை மாப்பிள்ளையைக் காரில் ஏற்றினார்கள். சனம் சுற்றி நின்றது. அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அப்பா இறங்கி, பொனெற்றைத் திறந்து, மூடியைக் கழற்றிப் பார்த்தார். நிமிர்ந்து மாமாவைத் தேடினார். மாமா வாளியோடு நின்றபடி தாடையால் என்னைக் காட்டினார். அப்பா சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இரண்டு கிழமைக்கு முந்தின அதே கேள்விதான்.

“பிள்ளை, உன்னட்டையோ இருக்கு?”

“ஓம் அப்பா. என்னட்டைத்தான்.”

கையை விரித்தேன். வியர்வையும் கிறீஸுமாக உள்ளங்கையில் ரோட்டரின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அப்பா அதை எடுத்தார், என் கையைத் தன் வேட்டித் தலைப்பால் துடைத்துவிட்டார்.

“நல்லகாலம்” என்றார். “நீ வைச்சிருந்தது நல்லகாலம்.”